விரல்களுக்கு எழுத்துக் காட்டிய டொக்டர்

எங்கள் ஊரில் பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையை மொண்டிசோரிக்குப் போகிற பிள்ளை என்றுதான் சொல்வார்கள். நானும் போனேன். அது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் என்றே உயர்தர வகுப்புக்கு வரும்வரை நினைத்திருந்தேன். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் ஒரு வைத்தியர் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் முதன்முதலில் கற்பித்தது எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அல்ல, மனநோயாளர் விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு என்பதும் தெரியாது. இதெல்லாம் என் தம்பியால்தான் எனக்குத் தெரியவந்தது.

ஊர் கரைத்தீவு என்றதும் விடுதித் தோழிகள் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரா என்று கேட்பார்கள். அது அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு. எங்களுடையது புத்தளம் மாவட்டக் கரையில், வண்ணாத்திவில்லுப் பக்கம் இருக்கிறது. ஒரு புறம் கடல், வடக்கே போனால் வில்பத்துக் காடு. வாப்பாவுக்குக் கடல் தொழில்.

தம்பிக்கு எட்டு வயது. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியில் முடிப்பான். பகரமும் மகரமும் அவனுக்கு ஒன்றுதான். ண, ன இரண்டிலும் சுழிகளை அவன் எண்ணி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஓதப்பள்ளியிலும் அதே கதை. பாவுக்குக் கீழே ஒரு புள்ளி, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று. அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் எறும்பு ஊர்வதைப் போல இருக்கிறது என்பான். பள்ளிவாசல் முற்றத்தில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குள் தன்னுடையதைக் கண்டுபிடிக்க அவனால் முடியாது. எல்லோரும் போனபின் மிஞ்சுவதை மாட்டிக்கொண்டு வருவான். ஆனால் இரவில் வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வலையைத் தடவி, எந்தக் கண் அறுந்திருக்கிறது என்று விளக்கில்லாமலே சொல்லிவிடுவான்.

சோம்பல் என்றார்கள், குறும்பு என்றார்கள். காதைத் திருகியும் பார்த்தார்கள். கண்ணைச் சோதித்தபோது பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உம்மாவுக்கு அது சந்தோசம், எனக்கு அது பயமாக இருந்தது. கண்ணில் குறையில்லை என்றால் குற்றம் முழுவதும் அவன் தலையில்தானே விழும்? பிறகு கொழும்பில் சிறுபிள்ளைகளைப் பார்க்கும் ஒரு வைத்தியர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். கண் படத்தைப் பிடித்து அனுப்புகிறது. இது ப, இது ம, இது முன்னால் இருக்கிறது, இது பின்னணி என்று பிரித்து எடுப்பது மூளையின் வேலை. சில பிள்ளைகளுக்கு அந்த வேலை தாமதமாகவும் குழப்பமாகவும் நடக்கும். அவர்களுடைய அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்ணாடி போட்டும் தீராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டுங்கள், கண்ணோடு கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மொண்டிசோரி அம்மையாரின் பெயரையும் அவர்தான் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் வாப்பா தன் முடிவைச் சொன்னார். படிப்பு ஏறாத பிள்ளையை அடித்துப் படிப்பிப்பதைவிட, கொஞ்சம் வளர்ந்ததும் தோணியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார். அவர் கோபத்தில் பேசவில்லை, இரக்கத்தில்தான் பேசினார். அதனால்தான் மறுத்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. மூன்றாம் தவணை விடுமுறை முடியும்வரை தவணை கேட்டு வாங்கினேன். கல்லூரி நூலகத்தில் அந்த அம்மையாரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தது அப்போதுதான்.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை அரசாங்க உத்தியோகத்தர். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோம் நகரில் குடியேறியது. படித்த பெண்ணுக்கு அந்நாளில் திறந்திருந்த தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றுதான். பெற்றோர் அதைச் சொன்னபோது, எதுவானாலும் சரி, ஆசிரியையாக மட்டும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்தவர் இவர். பையன்களுக்கான தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்து கணிதம் படித்தார். பிறகு வைத்தியம் படிக்க வேண்டும் என்று நின்றார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை, தாய்தான் துணை நின்றார். பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் ஆண் மாணவர்களோடு ஒரு பெண் நிற்பது ஒழுங்கல்ல என்று, எல்லோரும் போன பிறகு தனியாக நின்று வெட்டிப் படிக்கும்படி விட்டார்கள். செத்த உடல்களோடு ஒரு விளக்கின் கீழே தனியாக நின்ற அந்த இரவுகளை நினைத்தால், இருட்டியதும் விடுதி மாடிப்படியில் இறங்கவே பயப்படுகிற எனக்கு வெட்கமாக இருக்கிறது. 1896இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்ற பின் ரோம் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். சிகிச்சைக்கு ஏற்ற நோயாளரைத் தெரிவதற்காக மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வருவது அவருடைய வேலைகளில் ஒன்று. அந்நாளில் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகள், வலிப்புள்ள பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள் எல்லோரையும் பெரியவர்களான நோயாளரோடு ஒரே இடத்தில்தான் போட்டு வைத்திருந்தார்கள். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைத் தவறாமல் சொல்கிறார்கள். ஒன்றுமே இல்லாத வெறும் அறையில் சில பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்கினார்கள். பராமரிக்கிற பெண் அதை அருவருப்போடு காட்டிப் பெருந்தீனி என்றாள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே வேறு ஒரு பொருளும் இருக்கவில்லை. அவர்களுடைய பசி வயிற்றில் அல்ல, விரல்களில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

அதன்பிறகு தேடித் தேடி வாசித்தார். அவருக்கு முன்பே பிரான்ஸில் இரண்டு வைத்தியர்கள் இந்த வழியில் நடந்திருந்தார்கள். ஒருவர் இட்டார்ட். அவேரோன் காட்டுப் பகுதியில் 1800ஆம் ஆண்டளவில் பிடிபட்ட, பேச்சறியாத ஒரு சிறுவனைப் பொறுப்பெடுத்து, தொடுகை, சூடு, குளிர், சத்தம் என்று ஒவ்வொரு புலனாக எழுப்பிப் பார்த்தவர். மற்றவர் அவருடைய மாணவர் செகுவின். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, பொருள்களைக் கொண்டு அவர்களைப் பயிற்றியவர். இருவரையும் அவர்களுடைய நாடே மறந்திருந்தது. மரியா அவர்களின் எழுத்துகளை இத்தாலிய மொழியில் தன் கையால் முழுவதும் எழுதி முடித்தார். செகுவினின் நூல் மட்டுமே சுமார் 600 பக்கம். ஒவ்வொரு சொல்லும் மனதில் நின்று எடைபோடப்பட வேண்டும் என்றுதான் அப்படிக் கையால் எழுதினாராம். பரீட்சைக் குறிப்புகளைப் போட்டோப் பிரதி எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிற நமக்கு இது நல்ல செய்தி.

1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கும், அவர்களுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கும் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதன் இணைப் பணிப்பாளராக இரண்டு ஆண்டுகள் இருந்தார். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, இரவில் அன்றைய குறிப்புகளை எழுதுவார். எழுத வாசிக்க முடியாது என்று கைவிடப்பட்ட சில பிள்ளைகள் சாதாரணப் பாடசாலைப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார்கள். ஊரெல்லாம் வியந்தது. ஆனால் அவர் யோசித்தது வேறொன்றை. இந்தப் பிள்ளைகளே இந்த மட்டத்துக்கு வர முடியும் என்றால், நல்ல சுகத்தோடு இருக்கிற பிள்ளைகளை இதே மட்டத்தில் அமுக்கி வைத்திருப்பது யார்?

அந்தப் பாடசாலைக்காக மரத்தில் வழுவழுப்பான எழுத்துகள் செய்வித்திருந்தார், உயிரெழுத்துக்குச் சிவப்பும் மெய்யெழுத்துக்கு நீலமும் பூசி. பிள்ளைகள் அவற்றின்மேல் விரலை ஓட்டிப் பழகினார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்பதே கட்டடக்காரரின் கவலை. அவர்களை ஓரிடத்தில் வைத்திருக்க ஆள் வேண்டியிருந்தது. உலகமெல்லாம் பரவிய ஒரு கல்விமுறை வெள்ளையடித்த சுவரைக் காப்பாற்றத் தொடங்கியது என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அங்கே மர எழுத்துச் செய்யப் பணமில்லை, செய்து தரவும் ஆள் கிடைக்கவில்லை. உரஞ்சுகடதாசியில் எழுத்தை வெட்டி வழுவழுப்பான மட்டையில் ஒட்டினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மர எழுத்தைவிட அது சிறந்ததாயிற்று. சொரசொரப்பில் போகும்வரை விரல் சரியான பாதையில் இருக்கிறது, வழுக்கினால் பிழை. அதைச் சொல்ல ஆசிரியை தேவையில்லை, விரலே சொல்லிவிடும்.

இந்த இடத்தில் நான் அந்த நூலை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். அறுந்த வலைக்கண்ணைத் தடவிச் சொல்லும் தம்பியின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

அவருடைய மற்றப் பொருள்களுக்கும் இதே யோசனைதான் அடிப்படை. 1 சென்ரிமீற்றர் தொடக்கம் 10 சென்ரிமீற்றர் வரை பத்துக் கனக் கட்டைகள். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, பருமன் மட்டுமே வேறு. நிறப் பலகைகள் என்றால் அளவும் வடிவமும் ஒன்று, நிறம் மட்டுமே வேறு. குலுக்கிப் பார்க்கும் சத்தப் பெட்டிகள், கையில் வைத்துப் பார்க்கும் பாரப் பலகைகள், கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்க்கும் துணிகள். ஒரு நேரத்தில் ஒரு வேறுபாடு மட்டும். அலுமாரி நிறைய வண்ணப் படம் ஒட்டினால்தான் பிள்ளை படிக்கும் என்று நினைக்கிறோம். பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அந்தச் சுவர் செருப்புக் குவியல்தான். குழிக்குள் உருளைக் கட்டைகளைப் பொருத்தும் வேலையை மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி நாற்பது தடவைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்ததை மரியா எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாடினார்கள். அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் நிமிரவில்லை.

புகழ் வேகமாக வந்தது. 1913இல் ரோமில் பல நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வகுப்பறை அமைத்துக் காட்டினார். ஆனால் அவரைப் பற்றிப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. தன் முறையைக் கற்பிக்கும் உரிமையைத் தன் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார், நல்ல மாணவிகள் சிலரை அதனால் இழந்தார். முசோலினியின் அரசு தன் பாடசாலைகளை ஆதரித்தபோது ஏற்றுக்கொண்டார். பிறகு ஒத்துப்போக முடியாமல் விலகியபோது இத்தாலியில் அவை மூடப்பட்டன. பார்சிலோனாவில் குடியேறினார், 1936இல் உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் துரத்தியது.

அவருக்கு ஒரு மகன், பெயர் மாரியோ. 1898இல், திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளை. வெளியே தெரிந்தால் தொழிலும் பெயரும் போய்விடும் என்ற நிலையில் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். தாய் இன்னார் என்று சொல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஊரார் பிள்ளைகளின் ஒவ்வொரு அசைவையும் குறித்து வைத்த பெண்ணால் தன் பிள்ளை நடந்த முதல் அடியைப் பார்க்க முடியவில்லை. தன் தாய் 1912இல் இறந்த பிறகுதான் வளர்ந்த மகனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

அந்த மகனோடு 1939 நவம்பரில் அவர் வந்து இறங்கியது எங்கிருந்தோ தூரத்தில் இல்லை, நமக்கு அக்கரையில், மதராசில். அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைத்திருந்தார். அப்போது வயது 69. ஓலை வேய்ந்த கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி தொடங்கினார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானியரின் ஆட்சியில் அவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியா அடையாறு வளவைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அந்த ஓகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுதலை செய்வதாகச் சொன்ன அந்தத் தந்தி அவரை மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. நாற்பது வருடம் தாயால் சபையில் சொல்ல முடியாத சொல்லை ஓர் அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் இருந்தார், பல நகரங்களில் பயிற்சி நடத்தினார். இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். எங்கள் ஊர் உம்மாமார் வாயில் மொண்டிசோரி என்ற சொல் புழங்குவதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இலங்கைப் பெண்ணான லீனா விக்ரமரத்ன அவரிடம் பயின்று அவரோடு பணியாற்றினார். 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினாலும் மறுபடி இந்தியாவுக்கு வந்தார், 1949இல் கராச்சியிலும் பயிற்சி நடத்தினார். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில், நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். இருந்த இடத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் இத்தாலியின் ஆயிரம் லீரா நோட்டில் அவருடைய முகத்தை அச்சிட்டார்கள்.

இன்று அவர் பெயரில் விற்கும் மரப் பொருள்களின் விலையைக் கேட்டால் எங்கள் ஊரில் தோணி எஞ்சினைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். பணமில்லாததால் உரஞ்சுகடதாசியில் பிறந்த எழுத்து அல்லவா அது? நான் ஒன்றும் வாங்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் கரையில் பொடிமணல் அள்ளி, கழுவி, வெயிலில் காயப்போட்டேன். பழைய பெட்டி மட்டையில் பசையால் எழுத்தை எழுதி அதன்மேல் மணலைத் தூவி உதறினேன். உம்மும்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தங்கள் காலத்தில் மணலைப் பரப்பித்தான் எழுத்துப் படித்தோம், இது என்ன புதினம் என்றார். அவர் சொன்னது சரிதான். மதராசில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். ஆனால் பரப்பிய மணலில் எழுத, எழுத்தின் உருவம் முதலே தெரிந்திருக்க வேண்டும். ஒட்டிய மணலில் எழுத்தே விரலை அழைத்துக்கொண்டு போகும். தம்பிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

முதல் வாரம் இரண்டே எழுத்து, ப, ம. ஒன்றைக் காட்டும்போது மற்றது பாயின் கீழே இருக்கும். கண்ணைக் கட்டித் தடவச் சொன்னபோது ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை. கட்டை அவிழ்த்ததும் பிழைவிட்டான். பிறகு கண்ணைத் திறந்தபடியே தடவச் சொன்னேன். சில நாட்களில் விரலை வைக்காமல் தொடையில் மட்டும் மெல்ல எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். புத்தகத்துக்குக் கறுப்பு மட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளமாக ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதை வைத்தால் மற்ற வரிகள் மறைந்துவிடும். செருப்பின் வாரில் உம்மா ஒரு முடிச்சுக் கயிறு கட்டிவிட்டார். இப்போது குனிந்து தடவித் தன்னுடையதை எடுத்துக்கொள்கிறான்.

அவன் குணமாகிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். கரும்பலகையில் நெருக்கமாக எழுதினால் தடுமாறுகிறான். இருபத்தொரு நாளில் தமிழில் பதினொரு எழுத்தும் அரபியில் பா, தா, ஸாவும்தான் முடிந்தன. கடைசி இரவு வாப்பா வலையைப் போட்டுவிட்டு வந்து மட்டைகளில் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். வாப்பாவுக்கும் எழுத்து அவ்வளவாக வராது. தம்பி அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து எழுத்தின் தொடக்கத்தில் வைத்தான், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டே போனான். தோணியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

நான் விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது, ழகரத்துக்கு மணல் போதாது, இன்னும் கொஞ்சம் அள்ளித் தரும்படி வாப்பாவிடம் சொல்லியிருப்பதாகத் தம்பி சொன்னான்.